கறிக்கோழிப் பண்ணையில் சால்மோனெல்லா: தாய்க்கோழித் தடுப்பூசியிலிருந்து தொடங்கும் வழி

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர், தலைவாசல், கெங்கவல்லி, வாழப்பாடிப் பக்கங்களில் புதிதாகக் கறிக்கோழிக் கொட்டகை போடுகிறவர்கள் ராணிகெட், கம்போரோ ஆகிய இரண்டு நோய்களைப் பற்றி முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிறார்கள். எந்த நாளில் சொட்டு மருந்து, எந்த நாளில் தண்ணீர் வழி மருந்து என்பதைக் கம்பெனி சூப்பர்வைசர் வந்து சொல்லிவிடுகிறார். சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாவைப் பற்றி அப்படி யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. கறிக்கோழியின் குடலில் வாழும் சால்மோனெல்லா பெரும்பாலும் அந்தக் கோழியைக் கொல்வதில்லை, எடையைக்கூடக் கண்ணுக்குத் தெரியும்படி குறைப்பதில்லை என்பதே அதற்குக் காரணம். நன்றாகத் தின்று, நன்றாக வளர்ந்து, நாற்பதாவது நாளில் வண்டி ஏறும் கோழி கிருமியையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது. அது கறிக்கடையின் வெட்டுக் கட்டைக்கும், வீட்டுச் சமையலறைக்கும், கடைசியில் ஒரு குழந்தையின் வயிற்றுக்கும் போய்ச் சேரும்போதுதான் நோயாக வெளிப்படுகிறது. எனவே பண்ணையாளர் தம் கோழி சாகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தக் கிருமியை ஒருநாளும் காணமாட்டார்.

இதைக் கட்டுப்படுத்தும் வேலை உங்கள் கொட்டகையில் குஞ்சு இறங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, அந்தக் குஞ்சின் தாய் வளரும் பண்ணையில் தொடங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது, தாய்க்கோழி வைத்திருப்பவர் அதை எப்படிப் போட வேண்டும், குஞ்சு வாங்கி வளர்ப்பவர் அதன் பலனை எப்படிக் கெடுக்காமல் காப்பாற்ற வேண்டும் என்ற வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் எதிரியை அடையாளம் காணுங்கள்

சால்மோனெல்லா என்பது ஒரே கிருமியன்று. 2,500க்கும் மேற்பட்ட உட்பிரிவுகள் இதில் உண்டு. கோழி வளர்ப்பவர் அவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்த்தால் போதும். புல்லோரம், கேலினேரம் ஆகிய இரண்டும் கோழியினத்தையே தாக்குபவை. புல்லோரம் குஞ்சுகளில் வெண்கழிச்சலையும் பெருஞ்சாவையும் உண்டாக்கும். கேலினேரம் வளர்ந்த கோழிகளில் கோழி டைபாய்டு நோயை உண்டாக்கும். இவை மனிதருக்குப் பெரும்பாலும் வருவதில்லை. என்டரைடிடிஸ், டைஃபிமியூரியம், இன்ஃபான்டிஸ், கென்டக்கி போன்றவை இரண்டாவது கூட்டம். கோழியில் அமைதியாகக் குடியிருந்து மனிதரை நோயாளியாக்குபவை இவையே. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி என்று வழங்குவது ராணிகெட் என்னும் வைரஸ் நோய்க்கானது. அதைப் போட்டுவிட்டதால் சால்மோனெல்லாவுக்கும் காப்பு வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

தாயிடமிருந்து குஞ்சுக்குக் கிருமி வருவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. என்டரைடிடிஸ் போன்ற வகை தாயின் சினைப்பையிலும் முட்டைக்குழாயிலும் குடியேறி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். மற்றொன்று ஓட்டின் வழியாக நேர்வது. முட்டை வெளியே வரும்போது தாயின் உடல் சூட்டில், ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அது ஆறத் தொடங்கியதும் உள்ளிருப்பவை சுருங்கி, ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த நேரத்தில் ஓட்டின் மேல் ஈர எச்சம் ஒட்டியிருந்தால் கிருமியும் கூடவே உள்ளே போகும். பொரிப்பகத்தில் அப்படிப்பட்ட ஒரு முட்டை பொரிந்தால் போதும். பொரிப்பானின் விசிறி அந்தக் குஞ்சின் உடலிலிருந்து உதிரும் பஞ்சையும் தூசியையும் அதே அறையில் உள்ள ஆயிரக்கணக்கான குஞ்சுகளின் மேல் வீசிவிடும். பிறந்த அன்றைய குஞ்சின் குடலில் காவல் காக்கும் நல்ல நுண்ணுயிர்கள் இன்னும் குடியேறவில்லை. நூற்றுக்கும் குறைவான கிருமிகளே அதைப் பீடிக்கப் போதுமானவை.

தடுப்பூசி ஏன் தாய்க்கு?

கறிக்கோழிக்கே தடுப்பூசி போட்டுவிடலாமே என்று புதியவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். நாற்பது நாள் மட்டுமே வாழும் ஒரு கோழி, தடுப்பூசிக்குப் பின் முழு எதிர்ப்புச் சக்தியைத் தானே உருவாக்கிக்கொள்வதற்குள் ஆயுளில் பாதி கழிந்துவிடும். அது கிருமிக்கு எளிதில் இரையாகும் காலமோ முதல் சில நாட்கள். தாய்க்கோழிக்குப் போடும்போது பலன் மூன்று இடங்களில் கிடைக்கிறது. தாயின் குடலிலும் சினைப்பையிலும் கிருமி குடியேறுவது குறைகிறது, அதனால் அடைக்குப் போகும் முட்டைகளில் கிருமியோடு வருபவை குறைகின்றன. தாயின் இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள் மஞ்சள் கரு வழியே குஞ்சுக்குச் சென்று, சுமார் இரண்டு மூன்று வாரங்கள் வரை படிப்படியாகத் தேய்ந்துகொண்டே அதைக் காக்கிறது. பொரிப்பகத்தின் மொத்தக் கிருமிச் சுமையும் இறங்குகிறது. ஒரு தாய்க்கோழி தன் ஆயுளில் நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகளைத் தருகிறது என்பதால், ஒரு கோழிக்குச் செலவிடும் மருந்தின் விலை அத்தனை குஞ்சுகளின் மேலும் பகிரப்பட்டு மிகச் சிறியதாகிவிடுகிறது.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட கருத்தும் அன்று. பிரிட்டனில் 1998 முதல் முட்டைக் கோழிகளுக்கு என்டரைடிடிஸ் தடுப்பூசி பரவலாகப் போடப்பட்ட பின், அந்த வகையால் மனிதருக்கு வந்த நோய் பெருமளவு இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கட்டுப்பாட்டைத் தாய்க்கோழிகளிலிருந்தே தொடங்கியது. அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வு, தடுப்பூசி போட்ட தாய்களின் குஞ்சுகளிலும், அவை வளர்ந்து வெட்டப்பட்ட இறைச்சியிலும் சால்மோனெல்லா குறைவாக இருந்ததைக் காட்டியது. குறைவு என்ற சொல்லைக் கவனியுங்கள். எந்தத் தடுப்பூசியும் சால்மோனெல்லாவை அடியோடு அகற்றுவதில்லை. கோழியைப் பீடிக்கத் தேவைப்படும் கிருமியின் அளவை உயர்த்துகிறது, எச்சத்தில் வெளியேறும் அளவைத் தாழ்த்துகிறது, அவ்வளவே. அழுக்கான பண்ணையில் கிருமியின் அளவு அந்த வரம்பையும் தாண்டிவிடும் என்பதால், ஊசி போட்டாயிற்று என்று சுத்தத்தைத் தளர்த்துபவர் மருந்துக்கு இறைத்த பணத்தை வீணாக்குகிறார்.

தாய்க்கோழி வைத்திருப்பவர் செய்ய வேண்டியவை

பண்ணையில் எந்த வகைக் கிருமி சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதிலிருந்து தொடங்க வேண்டும். தடுப்பூசி தரும் காப்பு பெரும்பாலும் ஒரே குழுவைச் சேர்ந்த வகைகளுக்குள்தான் நன்றாக இருக்கும். என்டரைடிடிஸும் கேலினேரமும் ஒரே குழுவான டி-யைச் சேர்ந்தவை. டைஃபிமியூரியம் பி குழுவையும், இன்ஃபான்டிஸ் சி குழுவையும் சேர்ந்தவை. இன்ஃபான்டிஸ் நிறைந்த பண்ணையில் என்டரைடிடிஸ் ஊசியை மட்டும் போட்டுவிட்டுப் பலனில்லை என்று குறைப்படுவதில் பொருளில்லை. மாதிரி எடுப்பது கடினமான வேலையன்று. கிருமி நீக்கிய உறையைக் காலணியின் மேல் மாட்டிக்கொண்டு கொட்டகையின் நீளத்துக்கும் நடந்தால், தரையில் பரப்பிய கூளத்தில் உள்ளது அதில் ஒட்டிக்கொள்ளும். இறந்த கோழியின் குருட்டுக்குடல், குஞ்சுப் பெட்டியின் அடித்தாள், பொரிப்பான் பஞ்சு, பொரியாமல் செத்த முட்டை ஆகியவையும் நல்ல மாதிரிகள். இவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கச் சில நாட்கள் ஆகும். நமக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், தலைவாசலில் புதிதாக வந்த கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரத்தில் இருப்பது நல்வாய்ப்பு; எந்த மாதிரியை எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துகள் இருவகை. உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்டது ஒன்று; அதைத் தண்ணீர் வழியாகவோ தெளிப்பாகவோ குஞ்சுப் பருவத்திலேயே கொடுக்கலாம், அது குடலிலேயே காப்பை எழுப்புகிறது. கொல்லப்பட்ட கிருமியை எண்ணெய்க் குழம்பில் கலந்தது மற்றொன்று. அதை ஊசியாகத்தான் போட வேண்டும், இரத்தத்திலும் மஞ்சள் கருவிலும் எதிர்ப்பொருளை மிகுதியாக ஏற்றுவது அதுவே. வழக்கமான அட்டவணையில், முதல் நாட்களில் ஒரு தடவையும் ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஒரு தடவையும் உயிருள்ள மருந்தும், பிறகு 10 முதல் 12 வாரத்தில் ஒன்றும் 16 முதல் 18 வாரத்தில் ஒன்றுமாகக் கொன்ற மருந்தும் வரும். கோழி 24, 25 வாரத்தில் முட்டையிடத் தொடங்குவதற்குள் எதிர்ப்புச் சக்தி உச்சத்தை எட்ட வேண்டும் என்பதே இந்தக் கணக்கு. மருந்தின் பெயரும் நாளும் உறையில் அச்சிட்டபடியும், நம் நாட்டில் உரிமம் பெற்ற மருந்துகளுக்குள்ளும் கால்நடை மருத்துவர் முடிவு செய்ய வேண்டியவை. பக்கத்துப் பண்ணைக்காரரின் அட்டவணையை அப்படியே எழுதி ஒட்டிக்கொள்வது சரியன்று. புல்லோரம் பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பதாக இருந்தால் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுங்கள், ஏனெனில் ஊசியால் எழுந்த எதிர்ப்பொருள் அந்தப் பரிசோதனையில் நோய் போலவே தோன்றக்கூடும்.

ஊசி போடும் நாளில் நடக்கும் பிழைகள்தான் பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம், ஆகவே அந்த நாளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மருந்து 2 முதல் 8 டிகிரியில் வந்து சேர வேண்டும். எண்ணெய் மருந்து உறைந்துபோனால் பிரிந்துவிடும், பிறகு அது பயன்படாது. ஐஸ் கட்டியின் மேல் நேராக வைத்துக் கொண்டுவரும் வழக்கம் இங்கே உண்டு; அதை விட வேண்டும். போடுவதற்குச் சில மணி நேரம் முன்பே எடுத்து வெளியில் வைத்து, குளிர் நீங்கிய பின் நன்றாகக் குலுக்கி, இடையிடையேயும் குலுக்கிக்கொண்டே பயன்படுத்த வேண்டும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் ஊசித் துப்பாக்கி சரியான அளவைத் தள்ளாது. கோழிக்கும் வீக்கம் வரும். வழக்கமாக அரை மில்லி அளவுதான். கழுத்தில் போடுவதானால் தலையை விட்டுத் தள்ளி, உடலுக்கு அருகில், தோலை இரு விரலால் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து உள்ளே செலுத்த வேண்டும். மறுபக்கத் தோலைத் துளைத்துக்கொண்டு மருந்து வெளியே ஒழுகினால், இறகு எண்ணெய்ப் பசையுடன் நனைந்திருப்பதைத் தொட்டுப் பார்த்தே அறியலாம்; அந்தக் கோழிக்கு மறுபடியும் போடுங்கள். 500 கோழிக்கு ஒருமுறையாவது ஊசியை மாற்ற வேண்டும். அந்தி நேரத்தில் ஆட்கள் களைத்து வேகம் கூட்டும்போதுதான் பாதிக் கோழிகள் தப்பிவிடுகின்றன, எனவே ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று நெருக்காதீர்கள். எண்ணெய் மருந்து தவறிப் போய் ஆளின் விரலில் ஏறிவிட்டால், சிறு குத்துதானே என்று விட்டுவிடக் கூடாது. விரலே போகுமளவுக்கு வீங்கக்கூடும். மருந்துப் புட்டியின் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உயிருள்ள மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் குளோரின் அறவே இருக்கக் கூடாது. முந்தைய நாளே குழாய்களைச் சாதாரணத் தண்ணீரால் அலசி, லிட்டருக்கு இரண்டரை கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கலந்து இருபது நிமிடம் வைத்து, அதன் பிறகே மருந்தைக் கரைக்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீரை நிறுத்தித் தாகமெடுக்க விட்டு, கலந்த தண்ணீர் முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடியும்படி அளவைக் கணக்கிடுங்கள். நீலச் சாயம் கலந்திருந்தால் நாக்கைப் பார்த்தே எத்தனை கோழி குடித்தது என்று தெரிந்துகொள்ளலாம். மருந்து கொடுப்பதற்குச் சில நாட்கள் முன்பும் பின்பும் எந்த ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கக் கூடாது. உயிருள்ள தடுப்பு மருந்தும் ஒரு பாக்டீரியாவே, ஆன்டிபயாட்டிக் அதையும் கொன்றுவிடும். கலப்பவர் கையுறை அணிந்து, முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

முட்டை விஷயத்தில் சுருக்கமாகச் சிலவற்றைச் சொல்லி நகர்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு முறையாவது முட்டை எடுங்கள். தரையில் இட்ட முட்டையை, துடைத்துச் சுத்தமாகத் தெரிந்தாலும், அடைக்கு வைக்காதீர்கள். ஃபார்மலின் புகை போடுபவர்கள் ஒரு மடங்கு என்று சொல்வது 100 கன அடிக்கு 40 மில்லி ஃபார்மலினும் 20 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும். முட்டைக்கு மூன்று மடங்கு, 20 நிமிடம் என்பது பழகிய அளவு. அந்தப் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்பதால், மூடிய அறையும் முகக்கவசமும் புகையை வெளியேற்றும் விசிறியும் இல்லாத இடத்தில் அதைச் செய்யாதிருப்பதே மேல். குளிர் அறையிலிருந்து எடுத்த முட்டையை ஈரக்காற்றில் வைத்தால் ஓட்டின் மேல் வியர்த்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சேர்வராயன் மலையடிவாரத்தில் காற்று ஈரம் ததும்பி நிற்கும் காலைகளில் இது அதிகம் நடக்கிறது. வியர்த்த முட்டையை அப்படியே உலரவிட வேண்டும், துணியால் துடைக்கக் கூடாது.

குஞ்சு வாங்கி வளர்ப்பவர் செய்ய வேண்டியவை

ஒப்பந்த முறையில் வளர்ப்பவருக்குக் குஞ்சைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. ஆனாலும் கேட்கும் உரிமை இருக்கிறது. இந்தக் குஞ்சின் தாய் மந்தைக்குச் சால்மோனெல்லா தடுப்பூசி போடப்பட்டதா, எந்த வகைக்கு, கடைசி ஊசி எந்த வாரத்தில், மந்தையின் சமீபத்திய பரிசோதனை முடிவு என்ன என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். தனியாகக் குஞ்சு வாங்குபவர் இதை எழுத்தில் கேட்டு வாங்கலாம். கேட்பவர்கள் கூடும்போதுதான் பொரிப்பகங்கள் இந்தக் கணக்கை ஒழுங்காக வைக்கத் தொடங்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

குஞ்சு வண்டி வந்ததும் பெட்டிகளின் அடித்தாளைச் சிலவற்றிலிருந்து எடுத்துச் சுத்தமான பையில் போட்டு வையுங்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினால் கிருமி வரும்போதே வந்ததா, உங்கள் கொட்டகையில் ஒட்டியதா என்ற கேள்விக்கு அதுதான் விடை தரும். தொப்புள் மூடாத, எச்சப்புழையில் மலம் ஒட்டிய குஞ்சுகளைத் தனியே பிரித்துவிடுங்கள். முதல் வாரத்தில் குஞ்சு குளிரில் ஒடுங்கினால் தீவனமும் தண்ணீரும் எடுக்காது, மஞ்சள் கரு சரியாக உட்கொள்ளப்படாது, தாய் கொடுத்த காப்பும் வீணாகும். மார்கழி, தை இரவுகளில் மலையடிவாரக் கொட்டகைகளில் படுதாவைச் சரியாக இறக்கி, குஞ்சு படுக்கும் மட்டத்தில் 32, 33 டிகிரி வெப்பத்தை வைத்திருக்க வேண்டும். வளர்ந்த கோழியின் குடல் நுண்ணுயிர்களைக் குஞ்சுக்குக் கொடுத்தால் சால்மோனெல்லாவுக்கு இடமில்லாமல் போகிறது என்று 1973இல் பின்லாந்து விஞ்ஞானி நூர்மி காட்டினார். இன்று கிடைக்கும் புரோபயாட்டிக்குகள் பல அந்தக் கருத்தையே தழுவியவை. கொடுப்பதானால் முதல் நாளிலேயே கொடுங்கள், பத்தாம் நாளில் கொடுப்பதற்குப் பொருளில்லை.

தண்ணீரில் நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமாகவும் காரத்தன்மை மிக்கதாகவும் இருக்கிறது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 8க்கு மேல் போனால் பிளீச்சிங் பவுடரை எவ்வளவு போட்டாலும் குளோரினின் கொல்லும் திறன் பெரிதும் குறைந்துவிடும். கால்நடை மருத்துவரின் சொற்படி அமிலமூட்டி சேர்த்து பி.எச். அளவை 6க்கும் 7க்கும் இடையில் கொண்டுவந்து, கடைசி நிப்பிளில் (கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனையில்) வரும் தண்ணீரில் லிட்டருக்கு 2, 3 மில்லிகிராம் குளோரின் இருக்கிறதா என்று சோதியுங்கள். தொட்டியில் சோதித்துவிட்டு நிறைவடைபவர்கள் பலர்; குழாயின் உள்ளே படிந்த வழுவழுப்பு அந்தக் குளோரினை வழியிலேயே தின்றுவிடுகிறது.

எலியை நான் தண்ணீருக்கு அடுத்த இடத்தில் வைப்பேன். ஆத்தூர்ப் பக்கம் கொட்டகையைச் சுற்றி மக்காச்சோளமும் மரவள்ளியும் நிற்கும் காலத்தில் எலி காட்டில் இருக்கிறது. அறுவடை முடிந்ததும் தீவன மூட்டையைத் தேடி உள்ளே வருகிறது. என்டரைடிடிஸ் எலியின் குடலில் பெருகுவதால், ஒரே ஒரு புழுக்கையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கக்கூடும். கொட்டகையைச் சுற்றிச் சில அடி அகலத்துக்குப் புல்லும் சருகும் இல்லாமல் வைத்து, மூட்டைகளைப் பலகை மேல் சுவரை விட்டுத் தள்ளி அடுக்கி, அறுவடைக்கு முன்பே பொறி வையுங்கள். கூளத்தில் உருளும் கருவண்டும் கிருமியை ஒரு பேட்ச்சிலிருந்து அடுத்த பேட்ச்சுக்குக் கடத்துகிறது. கூளம் உமியாக இருந்தாலும் கடலைத் தோலாக இருந்தாலும், கைப்பிடி எடுத்து இறுக்கிவிட்டுத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. தீவனத்தைச் சொந்தமாக அரைப்பவர்கள் கருவாட்டுத் தூளில் கவனமாக இருக்க வேண்டும், திறந்த வெளியில் உலர்த்திய மீனில் சால்மோனெல்லா வருவது பழைய கதை.

ஆன்டிபயாட்டிக் கொடுத்துக் கிருமியை ஒழித்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். கொடுக்கும்போது எச்சத்தில் கிருமி மறையும், நிறுத்தியதும் திரும்பி வரும். திரும்பி வருவது மருந்துக்கு அடங்காததாக இருக்கக்கூடும். மனிதருக்குக் கடைசிப் புகலிடமான கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்துவதை நம் அரசு 2019இல் தடை செய்ததும் இந்தக் கவலையால்தான்.

பிடிப்பதற்கு முன் தீவனத்தை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். பசித்த கோழி கூளத்தைக் கொத்தும், கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் கிருமி ஏறும். அதனால் அந்தக் கடைசி நேரத்தில் தண்ணீரில் கரிம அமிலம் கொடுப்பது பயனுள்ளது. கோழி ஏற்ற வரும் பெட்டிகளில் முந்தைய பண்ணையின் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால் கழுவிய பெட்டி கேட்பதற்குத் தயங்க வேண்டாம். உங்களிடமே கோழி வாங்கும் ஏற்காட்டு விடுதிக்காரரோ உள்ளூர்க் கடைக்காரரோ இருந்தால், பச்சைக் கறியைக் குழாயடியில் அலசிச் சுற்றிலும் தெறிக்கவிடாமல், உட்பகுதி 74 டிகிரி எட்டும்வரை வேகவைக்கும்படி சொல்லுங்கள்.

விற்பனைக்கு மூன்று வாரம் முன்பு காலுறை மாதிரி எடுத்து, முடிவில் கிருமி இருந்தால், அந்த மந்தையை அன்றைய வெட்டில் கடைசியாக வைக்கும்படி வாங்குபவரிடம் தெரிவித்து, தாய் மந்தையின் எண்ணோடு பொரிப்பகத்துக்கும் எழுதுங்கள். கோழி போனதும் கூளத்தை ஒரு பிடி விடாமல் அள்ளித் தூரக் கொண்டுபோய்க் கொட்டி, முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்ந்த பிறகே கிருமிநாசினி அடிக்க வேண்டும். அழுக்கின் மேல் அடித்த மருந்து அழுக்கோடு போய்விடும். தரை, சுவரின் அடி, விசிறி இறக்கை, நிப்பிள் குழாய் ஆகிய இடங்களைத் துடைத்து மறுபடியும் மாதிரி அனுப்பி, கிருமி இல்லை என்ற முடிவு கைக்கு வந்த பிறகே அடுத்த குஞ்சு வண்டிக்கு நாள் கொடுங்கள்.